போர்ச்சுகலில் சாப்பாடு, மளிகை வாங்க என்னென்ன போர்ச்சுகீஸ் வாக்கியங்கள் தெரிந்திருக்க வேண்டும்?

மேற்படிப்புக்கு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன், இந்தக் கேள்வியை அப்படி வருகிறவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். 'இது என்ன விலை', 'எனக்கு ஆப்பிள் வேண்டும்' என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பீர்கள். அதில் பாதியை அடித்துவிடுங்கள். விலை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேண்டியதைக் கை காட்டினாலே எடுத்துத் தருவார்கள். அவர்கள் நம்மைக் கேட்பது புரியாமல் முழிக்கிறோமே, அதுவும் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது, அங்கேதான் சிக்கல்.

ஆகவே முதலில் காதைப் பழக்குங்கள். பிங்கு தோஸ், கொன்டினென்ட், எந்த சூப்பர் மார்க்கெட் என்றாலும் பில் போடுகிற இடத்தில் இந்த மூன்றும் வரும். 'கேர் சாகு?' பை வேண்டுமா, அதற்குத் தனிக் காசு. 'தெய்ங் கர்த்தாவ்ங்?' கடையின் தள்ளுபடி கார்டு இருக்கிறதா. 'கோன்ட்ரிபுயின்ட்?' ரசீதில் உங்கள் வரி எண்ணைப் போடட்டுமா. எதுவும் வேண்டாம் என்றால் 'நாவ்ங், ஒப்ரிகாது', நீங்கள் பெண் என்றால் 'ஒப்ரிகாத'. இப்படி எழுதினால் எளிதாக இருக்கிறது, ஆனால் அவர்கள் உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிவிட்டுத்தான் பேசுவார்கள்.

அந்த வரி எண் 9 இலக்கம். அதை போர்ச்சுகீஸில் மனப்பாடமாகச் சொல்லப் பழகுங்கள், எண்கள் தானாக வந்துவிடும். வரிக் கணக்கு போடும்போது சில வகைச் செலவுகளுக்குக் கொஞ்சம் கழிவும் உண்டு. இதைச் சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. ஒரு ரொட்டி வாங்கினாலும் ரசீது வேண்டுமா என்று கேட்கிற நாட்டில், மாதாமாதம் என் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்ட முன்னாள் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட ரசீது தந்ததில்லை. கேட்டால் 'அமான்யாங்', அதாவது நாளைக்கு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாத வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். முகவரிச் சான்று கேட்கிற இடத்திலெல்லாம் நாய் படாத பாடு படுவீர்கள். சரி, நீங்கள் கேட்டது இதில்லை.

லிஸ்பனில் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே என்று பின்னூட்டம் போட யாராவது வருவார்கள். தெரியும், நான் மறுக்கவில்லை. சுற்றுலாக்காரர்கள் காபி குடிக்கிற பக்கமெல்லாம் ஆங்கிலமே போதும். பருப்பு, மசாலாவுக்கு மார்த்தீம் மொனீஸ் பக்கம் பென்ஃபொர்மோசு தெருவில் வங்காளதேசத்துக்காரர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே இந்தியும் ஓடும். எனக்கு இந்தி வராது என்பதால் அங்கேயும் போர்ச்சுகீஸில்தான் பேசுகிறேன், அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஆனால் நல்ல மீன் வேண்டுமென்றால் சந்தைக்குத்தான் போக வேண்டும். நான் போவது ஆரோயுஷ் சந்தை. முன்பெல்லாம் சுத்தம் செய்து வைத்த துண்டு மீனைத்தான் வாங்குவேன், குழம்பு வைத்தால் ருசியே இருக்காது. ஒரு சனிக்கிழமை துணிந்து மீன் விற்கிற அம்மாவின் முன்னால் போய் நின்றேன். 'தீக!' என்றார், சொல்லுங்கள் என்று அர்த்தம். அதட்டல் இல்லை, எல்லாரிடமும் அப்படித்தான். 'போங் தீய, கெரீய உங் கீலு த் கவால' என்றேன், வணக்கம், ஒரு கிலோ கவால வேண்டும் என்று. கவால நம் அயிலைக்கு உறவுக்கார மீன், விலையும் குறைவு. (இந்தக் 'கெரீய'வைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொழி ஆப்பில் 'வேண்டும்' என்பதற்குச் சொல்லித்தரும் 'கேரு' கொஞ்சம் அதிகாரமாகத் தொனிக்கும்.) சுடவா, வேகவைக்கவா என்று கேட்டார். 'பர கரீல்' என்றேன், குழம்புக்கு. அவ்வளவுதான், அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. கோவா வழியாக வந்த 'கரீல்' இங்கே எல்லாருக்கும் தெரியும். தேங்காய்ப்பால் ஊற்றுவாயா என்று கேட்டுக்கொண்டே 'போஷ்டஷ்', அதாவது குறுக்கு வெட்டுத் துண்டுகளாகப் போட்டுத் தந்தார். தலை வேண்டுமா என்றதும் 'அ கபேச தம்பெய்ங்' என்றேன், தலையும்தான். பின்னால் நின்ற பாட்டி புளி எதற்கு, எவ்வளவு என்று விசாரிக்க, எனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் ஒரு மீன் குழம்பையே வைத்து முடித்தேன். அலுவலகத்தில் இத்தனை நாள் வேலை பார்த்து யாரும் என்னிடம் இவ்வளவு ஆர்வமாகப் பேசியதில்லை. திங்கட்கிழமை மட்டும் சந்தைக்குப் போகாதீர்கள், ஞாயிறு பெரும்பாலும் படகு போகாது, புது மீன் இருக்காது.

மொழி ஆப்கள் பெரும்பாலும் பிரேசில் போர்ச்சுகீஸைத்தான் சொல்லித்தருகின்றன. பிரேசில் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் மொழிதான் எனக்குக் காதில் நன்றாக விழுகிறது. ஆனால் இங்கே கறிக்கடை 'தால்யு', ஜூஸ் 'சூமு', இங்கே வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வரட்டும் என்றுதான் சொல்கிறேன். கறிக்கடையிலும் மீன் பகுதியிலும் முதலில் 'செஞ்ஞ' எடுக்க வேண்டும், எண் போட்ட டோக்கன். எடுக்காமல் நின்றால் நின்றுகொண்டே இருப்பீர்கள். கொத்தமல்லி ஒரு கட்டு 'உங் மோல்யு த் குயேன்ட்ருஷ்', இங்கேயும் அள்ளிப் போட்டுச் சமைப்பார்கள், எங்கும் கிடைக்கும். அரைக்கிலோ 'மெய்யு கீலு'. அவ்வளவுதான் என்று முடிக்க 'எ தூது'.

நீங்கள் சைவம் என்றால் இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மீனை அதில் சேர்க்காதவர்கள் உண்டு. 'செய்ங் கார்ன், செய்ங் பெய்ஷ்' என்று இறைச்சியையும் மீனையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கீரை சூப்தானே என்று கால்து வேர்த் கேட்டால் அதில் ஷொரீசு என்கிற பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும்.

லிஸ்பன் இல்லாமல் போர்த்துவில் படிக்கப் போகிறீர்கள் என்றால் சின்ன ரொட்டி மாதிரி சிலவற்றுக்குப் பெயர் மாறும். அந்த ரொட்டி இங்கே 'கர்காஸ', அங்கே 'மொலேட்'. மீதி பெரும்பாலும் இதேதான்.