பிரேக் டிஸ்க் துருப்பிடித்து ஹப்போடு ஒட்டிக்கொண்டது, வீட்டிலேயே கழற்ற முடியுமா?

முடியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சக்கரமும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் கழற்றியாயிற்று, டிஸ்க்கை ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியோடு, பிடித்திருக்கும் ஸ்க்ரூவையும் எடுத்தாயிற்று, சுத்தியலால் தட்டிப் பார்த்தும் அசையவில்லை. இதைவிடப் பெரிய சுத்தியல் வாங்குவதா, வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவதா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக மனம் வரவில்லை. இதே நிலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்னிடம், "டிஸ்க் தனியா வராது சார், ஹப், பேரிங் எல்லாத்தையும் சேர்த்து மாத்தணும்" என்று சொன்னார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த தொகை டிஸ்க்கின் விலையைப்போலப் பல மடங்கு. அந்த டிஸ்க்கை நானும் அத்தானும் வீட்டு வாசலில் வைத்து இரண்டு எட்டு மில்லிமீட்டர் போல்ட்டால் கழற்றினோம். மாற்றியே ஆக வேண்டும் என்ற அந்த ஹப்பும் பேரிங்கும் இன்றும் அதே வண்டியில் சத்தமில்லாமல் ஓடுகின்றன.

வேலைக்கு முன்னால் ஒன்று. வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கிறது என்றால் இதற்கு மேல் படிக்காமல் போய் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வையுங்கள். ஒட்டிக்கொண்ட டிஸ்க்கை இழுப்பதும் தட்டுவதும் வண்டியை ஆட்டும் வேலை. ஆட்டத்தில் ஜாக்கி சாயும். பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், வார்ப்பிரும்பும் துருவும் சில்லாகத் தெறிக்கும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி விஷயம். டிஸ்க்கை எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் அடிப்பதால்தான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். முதலில் துருவைச் சுரண்டிப் பாருங்கள். ஸ்க்ரூ ஒன்றுதான் இருந்தது என்று நினைப்போம், இரண்டாவது துருவுக்குள் மறைந்திருக்கும். காலிப்பரை மட்டும் எடுத்துவிட்டு அதைத் தாங்கும் பிராக்கெட்டை விட்டிருந்தாலும் பெரும்பாலான கார்களில் டிஸ்க் வெளியே வராது. இரண்டும் சரி என்றால் டிஸ்க்கின் விளிம்பை இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். கொஞ்சம்கூட ஆடவில்லை என்றால் அது ஹப்பில் துருவோடு ஒட்டியிருக்கிறது. லொடலொடவென்று ஆடுகிறது, கொஞ்சம் முன்னே வருகிறது, பிறகு எதிலோ மாட்டிக்கொள்கிறது என்றால் அது ஹப் துரு இல்லை. பின்சக்கரமாக இருந்தால் உள்ளே இருக்கும் ஹேண்ட் பிரேக் ஷூதான் பிடிக்கிறது.

சில கார்களில் பின் டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் ஒரு சின்ன டிரம் பிரேக் இருக்கும், அதன் சுவரில் உரசும் வளைந்த கட்டைதான் ஷூ. நாளாக ஆக ஷூ தேய்த்த இடம் பள்ளமாகி, உள்விளிம்பில் துரு ஒரு வரப்புபோல எழும்பிவிடும். ஷூ அந்த வரப்பைத் தாண்டி வராது. இங்கே சுத்தியல் எடுத்தால் ஷூவின் பின்னும் ஸ்பிரிங்கும்தான் பிய்யும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, டிஸ்க் முகத்திலோ பின்தட்டிலோ ரப்பர் மூடி போட்ட துளை இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்குள் பல் வைத்த அட்ஜஸ்டர் சக்கரம் தெரியும். திருப்புளியால் ஒவ்வொரு பல்லாகத் திருப்பி ஷூவை உள்ளே சுருக்கினால் டிஸ்க் தானே வந்துவிடும். எந்தப் பக்கம் திருப்பினால் சுருங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். டிஸ்க்கைக் கையால் சுற்றிக்கொண்டே திருப்பினால், இறுகுகிறதா தளர்கிறதா என்று கையே சொல்லிவிடும்.

நீங்கள் "கொஞ்சமும் அசையவில்லை" என்று எழுதியிருப்பதால் உங்களுடையது ஹப் துரு என்றே எடுத்துக்கொள்கிறேன். டிஸ்க் வார்ப்பிரும்பு, ஹப் எஃகு. நடுவில் இருக்கும் இடைவெளி மிகச் சின்னது. இரும்பு துருவானால் முன்பைவிட அதிக இடம் கேட்கும். அந்த இடம் கிடைக்காதபோது துருவே ஆப்பாக மாறி இரண்டையும் இறுக்கிவிடும். அதனால் முதல் வேலை எண்ணெய். துரு இளக்கும் ஸ்ப்ரேயை ஹப் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வளையத்தைச் சுற்றியும், வீல் நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் ஒவ்வொன்றின் அடியிலும் அடியுங்கள். சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள், அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். அப்புறம் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அடித்த ஐந்தாவது நிமிடம் இழுத்துப் பார்த்துவிட்டு "ஸ்ப்ரே வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

எங்கள் வண்டியில் மறுநாள் காலையிலும் அது அசையவில்லை. அத்தான் ஓங்கி அடிக்கலாம் என்றார். "விடு மாப்ளே, எப்படியும் புது டிஸ்க்தானே போடப்போறோம், நாலு போடு போட்டா வந்துடும்." அவர் சொன்னதில் நியாயம் உண்டு. தூக்கிப்போடப் போகும் டிஸ்க் உடைந்தால் என்ன? ஆனால் அடி டிஸ்க்கோடு நிற்பதில்லை. அது ஹப் வழியாகப் பேரிங்குக்குப் போகிறது. பேரிங்குக்குள் குண்டு உட்கார்ந்திருக்கும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். அன்று ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து நெடுஞ்சாலையில் வண்டி ஊளையிடும்போது, அது டயர் சத்தம் என்று நினைத்து டயரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் "அத்தான், சுத்தியலைக் கொஞ்சம் கீழே வைங்க" என்று சொல்லிவிட்டு, டிஸ்க் முகத்தில் ஸ்டட்டுகளுக்கு நடுவே இருந்த இரண்டு துளைகளைக் காட்டினேன்.

அந்தத் துளைகளைத்தான் நீங்களும் தேட வேண்டும். ஜப்பானிய, கொரியக் கார்கள் பலவற்றில் டிஸ்க்கின் முகத்தில் எதிரெதிராக இரண்டு மரை வெட்டிய துளைகள் இருக்கும். ஸ்க்ரூ போடும் துளை வேறு, இது வேறு. பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட், மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். தயாரித்தவர்களே டிஸ்க்கைக் கழற்றுவதற்கென்று வைத்த துளை இது. உள்ளே துரு அடைத்திருந்தால் மரை வெட்டும் டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்துகொண்டு, தலையில் 8.8 என்று குறித்த வலுவான போல்ட்டில் எண்ணெய் தடவி இரண்டிலும் போடுங்கள். போல்ட்டின் நுனி ஹப்பில் முட்டும், அதற்குமேல் திருப்பத் திருப்ப டிஸ்க் வெளியே தள்ளப்படும்.

இதன் பலம் பலருக்குத் தெரிவதில்லை. 8 மில்லிமீட்டர் போல்ட்டை 20 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கினால், அதாவது சாதாரண ஸ்பேனரை ஒரு கையால் இறுக்கும் அளவுக்கு முறுக்கினால், அது சுமார் 12,000 நியூட்டன் விசையோடு தள்ளும். ஒரு டன்னுக்கும் மேல். இரண்டு போல்ட் என்றால் இரண்டு டன்னுக்கும் மேல், அதுவும் நிதானமாக, நேராக, பேரிங்கை அதிரவைக்காமல். இதற்குக் கால் சுற்று, அதற்குக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரே போல்ட்டை முறுக்கினால் டிஸ்க் கோணலாகி இன்னும் இறுகும். இரண்டும் நன்றாக இறுகியதும் முறுக்குவதை நிறுத்திவிட்டு, ஸ்டட்டுகளுக்கு நடுவே லேசாகத் தட்டுங்கள். விசை இருக்கும்போது விழும் சின்னத் தட்டு, விசை இல்லாமல் விழும் பத்து அடிக்குச் சமம். எங்களுடையது அப்படித்தான், துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. இரண்டு வீல் நட்டை ஸ்டட்டில் நாலைந்து மரை மட்டும் ஏற்றி வைத்திருந்ததால் டிஸ்க் காலில் விழவில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள், ஸ்டட்டின் மரையும் அடி படாமல் தப்பிக்கும்.

ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இந்தத் துளை இருக்காது. அப்போது காலிப்பர் பிராக்கெட்டை மாட்டும், துளையிட்ட காதுபோன்ற நீட்சியைப் பயன்படுத்தலாம். அந்தத் துளைக்குள் பின்னாலிருந்து நீளமான போல்ட்டை விட்டு, காதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு நட்டைப் போட்டு, நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினால் அதன் நுனி டிஸ்க்கைப் பின்னாலிருந்து தள்ளும். ஒரு பக்கத்தில் மட்டும் தள்ளுவதால், கொஞ்சம் முறுக்கி, தளர்த்தி, டிஸ்க்கைக் கால்வட்டம் சுற்றி, மறுபடி முறுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் வேலை செய்யும். போல்ட் முட்டிய இடம் கீறிவிடும், ஆகவே தூக்கிப்போடும் டிஸ்க்குக்கு மட்டும் இது. டிஸ்க்கை இழுத்தெடுக்கும் மூன்று கால் புல்லர் கிடைத்தால் அதுவும் நல்லதே.

கேஸ் டார்ச்சால் சூடு காட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. என்னைக் கேட்டால் வீட்டில் வேண்டாம். பேரிங் கிரீஸும் சீலும் சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரும் பக்கத்திலேயே இருக்கின்றன, நாம் அடித்த எண்ணெயும் தீப்பற்றும். அதைவிட முக்கியம், குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்த இடத்தில் நெருப்பு காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்தியது அது.

"பிரேக்கில் எல்லாம் வீட்டில் கை வைக்கலாமா" என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். நான் மெக்கானிக் இல்லை, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் டிஸ்க் மாற்றுவதில் பிரேக் எண்ணெய் போகும் குழாயை நாம் திறப்பதே இல்லை. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் அந்தப் பகுதி இருந்தது இருந்தபடியே இருக்கும். நிறுத்த வேண்டிய இடமும் உண்டு. சில வண்டிகளில், குறிப்பாகச் சில பிரெஞ்சுக் கார்களின் பின்சக்கரத்தில், பேரிங் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும், நடுவிலுள்ள பெரிய நட்டைக் கழற்றினால்தான் வரும். 1990களின் சில ஹோண்டா கார்களில் முன் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் மாட்டியிருக்கும், ஹப்பைப் பிரிக்காமல் எடுக்கவே முடியாது. எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் காலிப்பரைத் தொடும் முன்பே அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். உங்களுடையது இதில் ஒன்று என்றால் விவரம் தெரியாமல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள்.

இந்த விவரத்தை எங்கே போய்த் தெரிந்துகொள்வது? இது நீங்கள் கேட்காத விஷயம், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை. காரோடு வரும் கையேட்டில் போனை எப்படி இணைப்பது என்பதற்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பிராக்கெட் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. எதைத் தொட்டாலும் "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தை அணுகவும்". முழு விலை கொடுத்து வாங்கிய வண்டியின் விவரம் வாங்கியவனுக்குக் கிடைக்கவில்லை என்றால் "ஹப்பையே மாத்தணும்" என்று எவர் சொன்னாலும் தலையாட்டத்தானே வேண்டும்? பழைய வண்டிகளுக்கு முழு ரிப்பேர் புத்தகம் கடையில் விற்றது. இப்போது பல கம்பெனிகள் அதைச் சந்தா கட்டிப் பார்க்கும் இணையப் பக்கமாக மாற்றிவிட்டன. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம்.

சரி, டிஸ்க் வந்தபிறகு செய்ய வேண்டியது, பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் கொண்டு உலோகம் தெரியும்வரை தேயுங்கள், ஸ்டட்டின் அடி உட்பட. புது டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டு ஆட்டம் 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று பல கம்பெனிகள் வரையறுக்கின்றன, தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நடுவில் ஒரு துருச் செதில் மாட்டினாலே போதும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் காலுக்கடியில் துடிக்க ஆரம்பிக்கும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று மறுபடி புது டிஸ்க் வாங்குவீர்கள். சுத்தம் செய்த ஹப் வளையத்தில் ஒட்டாமல் இருக்கத் தடவும் பசையை மிக மெல்லிசாகப் பூசுங்கள், காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசும் இடத்துக்குப் போகவே கூடாது. புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்து எடுங்கள். ஸ்க்ரூ தலை நசுங்கிப்போய்த் துளைபோட்டு எடுத்திருந்தால் கவலை வேண்டாம், அது டிஸ்க்கை இடத்தில் நிறுத்தி வைக்க மட்டும்தான். ஓடும்போது டிஸ்க்கைப் பிடித்திருப்பது சக்கரமும் வீல் நட்டும்.

வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள், முதல் சில மிதிகள் தரைவரை போகும். புது டிஸ்க்குக்கு இடம்விடக் காலிப்பரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியதால் பிரேக் எண்ணெய்த் தொட்டியில் அளவு ஏறியிருக்கும், அதையும் பாருங்கள்.

முன்சக்கரமா பின்சக்கரமா, எந்த வண்டி, எந்த வருடம் என்று நீங்கள் எழுதவில்லை. டிஸ்க் முகத்தை நேராக ஒரு படம் எடுத்துப் போட்டால் மரைத் துளை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள்.