கேளுங்க, சொல்றோம்: இழுவை ஸ்பிரிங் ஏன் கொக்கியிலயே உடையுது?

கேள்வி: எங்க மெஷின்ல ஒரு லீவரைத் திரும்ப இழுக்க இழுவை ஸ்பிரிங் போட்டிருக்கோம். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை உடையுது, அதுவும் எப்பவும் கொக்கி வளையற இடத்துலயேதான். கம்பியை இன்னும் தடிமனா போட்டா நிக்குமா?

பதில்: நிக்காது, இன்னும் சீக்கிரம் உடையக்கூட வாய்ப்பு இருக்கு. உங்க லீவர் ஒரு குறிப்பிட்ட தூரம்தான் போகுது, அதனால ஸ்பிரிங் எவ்ளோ நீளணும்னு லீவர்தான் முடிவு பண்ணுது, நீங்க இல்ல. சுருளோட அகலமும் சுத்து எண்ணிக்கையும் அப்படியே இருக்க கம்பியை மட்டும் 2 மி.மீ.ல இருந்து 2.5 மி.மீ.க்கு ஏத்தினா ஸ்பிரிங் கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு விறைப்பாயிடும், ஏன்னா விறைப்பு கம்பி விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். அதே தூரம் இழுக்கணும்னா லோடும் அந்த அளவுக்கு ஏறும், கம்பிக்குள்ள வர்ற ஸ்ட்ரெஸ்ஸும் குறையாம கூடத்தான் செய்யும். தடிமனா இருந்தா பலம்னு நம்ம மனசு சொல்றது இந்த இடத்துல ஏமாத்திடுது.

அது ஏன் கொக்கியிலயே உடையுதுன்னா, சுருள் பகுதியில கம்பி முறுக்கு மட்டும்தான் வாங்குது, ஆனா கொக்கியில முறுக்கோட சேர்த்து வளைவும் வாங்குது, அதுவும் சுருள்ல இருந்து கொக்கி நிமிர்ந்து எழும்புற அந்த மடிப்பு கூர்மையா இருந்துட்டா மொத்த ஸ்ட்ரெஸ்ஸும் அந்த ஒரே புள்ளியில குவிஞ்சிடும். மடிக்கும்போது டூல் பட்டு ஒரு சின்ன கீறல் விழுந்திருந்தா போதும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். உடைஞ்ச துண்டை வெளிச்சத்துல காட்டி அந்த மடிப்போட உள்பக்கத்தைப் பாருங்க, டூல் தடம் அநேகமா தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். மடிப்பை நல்லா பெரிய வளைவா போடச் சொல்லுங்க. இடம் இருந்தா சுத்து எண்ணிக்கையை கூட்டுங்க, அதே தூரத்துக்கு ஸ்ட்ரெஸ் குறையும் (இழுப்பும் கொஞ்சம் குறையும், லீவர் ஒழுங்கா திரும்புதான்னு பாத்துக்கங்க). அதுக்கும் மேல வேணும்னா கடைசி சில சுத்துகளை கூம்பு மாதிரி சிறுசாக்கிட்டு அதுக்குள்ள தனியா ஒரு சுழல் கொக்கியை மாட்டுறது உண்டு, தினமும் ஆயிரக்கணக்குல ஆடுற மெஷினுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். கொக்கி மாட்டுற பின்னையும் பாத்துடுங்க, விளிம்பு கூரா இருந்தா அதுவே கம்பியை அரிச்சிடும்.

கேள்வி: ஸ்பிரிங் நீளமா இருந்துச்சுன்னு வெட்டிட்டு, கேஸ் தீயில காய்ச்சி புதுசா கொக்கி மடிச்சேன். ரெண்டே நாள்ல கொக்கி விரிஞ்சு போச்சு. ஏன்?

பதில்: ஸ்பிரிங் கம்பிக்கு அந்த பலம் வந்ததே அதை இழுத்தும் பதப்படுத்தியும் செஞ்ச விதத்துலதான், சிவக்கச் சிவக்க காய்ச்சின இடத்துல அந்த பதம் போயிடும், அப்புறம் அது சாதாரண இரும்புக் கம்பி மாதிரிதான். மியூசிக் வயர்னு சொல்ற அதிக பலமுள்ள ஸ்பிரிங் கம்பியை வேலை செய்யற இடத்துலயே 120 டிகிரி செல்சியஸுக்கு மேல வைக்கக்கூடாதும்பாங்க, நீங்க அடுப்புத் தீயையே காட்டிட்டீங்க. இன்னொரு விஷயம், வெட்டினா சுத்து குறையும், சுத்து பாதியானா விறைப்பு ரெண்டு மடங்கு ஆகும், ஆகவே அது இப்போ பழைய ஸ்பிரிங்கே இல்ல. சரியான நீளத்துல புதுசு வாங்கிடுங்க.

கேள்வி: என் ஸ்பிரிங் லேசா இழுத்தா அசையவே மாட்டேங்குது, இன்னும் பலமா இழுத்தாத்தான் நீளுது. பழுதா?

பதில்: பழுது இல்ல. இழுவை ஸ்பிரிங்கைச் சுத்தும்போதே சுருள்கள் ஒண்ணை ஒண்ணு நெருக்கிப் பிடிச்சுக்கற மாதிரி சுத்துவாங்க, அந்தப் பிடிக்கு ஆரம்ப இழுவிசைன்னு பேரு, அதைத் தாண்டினாத்தான் இடைவெளி விழும். அளக்கறதும் சுலபம். சும்மா இருக்கும்போது 100 மி.மீ. நீளம்னு வைங்க. 120க்கு இழுத்தா தராசு 5 கிலோ காட்டுது, 140க்கு இழுத்தா 8 கிலோ. 20 மி.மீ.க்கு 3 கிலோ ஏறியிருக்கு, அப்போ முதல் 20 மி.மீ.க்கும் 3 கிலோதான் செலவாகியிருக்கணும், மிச்சம் இருக்கற 2 கிலோதான் ஆரம்ப இழுவிசை. மாத்து ஸ்பிரிங் வாங்கும்போது இந்த அளவையும் சொல்லுங்க. கம்பி தடிமன், வெளிவிட்டம், நீளம் மட்டும் சொல்லிட்டு வந்துட்டு, மாட்டினப்புறம் "பழசு மாதிரி இல்லையே"ன்னு கேக்கறவங்கதான் அதிகம்.

கேள்வி: ஆள் உக்கார்ற ஊஞ்சல் நாற்காலிக்கு மேல இழுவை ஸ்பிரிங் மாட்டலாமா? ட்ராபார் ஸ்பிரிங்தான் வேணும்னு ஒருத்தர் சொல்றார்.

பதில்: அவர் சொல்றது ரொம்ப சரி, தயவுசெஞ்சு கேளுங்க. ட்ராபார் ஸ்பிரிங் பாக்க இழுக்கற ஸ்பிரிங் மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கறது அமுங்கற ஸ்பிரிங். யூ வடிவத்துல ரெண்டு கம்பி, ஒண்ணு மேலிருந்து நுழைஞ்சு அடி முனையைப் பிடிச்சிருக்கும், இன்னொண்ணு கீழிருந்து நுழைஞ்சு மேல் முனையைப் பிடிச்சிருக்கும், அதனால வெளிய இழுக்க இழுக்க உள்ள சுருள் அமுங்கும். லோடு அதிகமானா சுருள்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டி நின்னுடும், அதுக்கு மேல நீளாது, எடையை அந்தக் கம்பிங்க தாங்கும். சுருளே உடைஞ்சாலும் துண்டுகள் ரெண்டு கம்பிக்கும் நடுவுல மாட்டிக்கும், நாற்காலி கொஞ்சம் இறங்கும், ஆள் விழமாட்டார். இழுவை ஸ்பிரிங்ல அப்படி எந்தத் தடுப்பும் கிடையாது, கொக்கி போச்சுன்னா எல்லாம் போச்சு.

ஒரு எச்சரிக்கை, எடையை மட்டும் பாத்து வாங்காதீங்க. 100 கிலோ ஆள் கைப்பிடி இல்லாம சட்டுனு மொத்த எடையையும் விட்டா அந்த நொடியில ஸ்பிரிங் மேல வர்றது கிட்டத்தட்ட 200 கிலோ, பொத்துனு விழுந்து உக்காந்தா அதைவிட அதிகம். மேல இருக்கற கொக்கி, சங்கிலி, வளையம் எல்லாத்துக்கும் இதே கணக்குதான், ஸ்பிரிங் மட்டும் தாங்கி என்ன பிரயோஜனம். கராஜ் கதவு மாதிரி மேல ஏறித் திறக்கற கதவுல ஏற்கனவே இழுவை ஸ்பிரிங் இருந்தா அதுக்குள்ள ஒரு பாதுகாப்பு கேபிள் ஓடுதான்னும் பாத்துடுங்க, இல்லன்னா ஸ்பிரிங் உடையும்போது துண்டு பறந்து வரும்.

கேள்வி: துருப்பிடிக்காம இருக்கட்டும்னு ஜிங்க் பிளேட்டிங் பண்ணோம். மாட்டி வெச்ச ஸ்பிரிங் யாரும் தொடாமலே உடைஞ்சு விழுந்துச்சு.

பதில்: பிளேட்டிங் பண்ணும்போது ஹைட்ரஜன் கம்பிக்குள்ள புகுந்து அதை நொறுங்கற மாதிரி ஆக்கியிருக்கும், அதிக பலம் உள்ள கம்பிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். பிளேட்டிங் முடிஞ்ச சில மணி நேரத்துக்குள்ள 200 டிகிரி செல்சியஸ் பக்கத்துல ஓவன்ல (சூட்டடுப்புல) வெச்சு எடுக்கணும், செஞ்சாங்களான்னு கேளுங்க. ஈரமான இடம்னா ஸ்டெயின்லெஸ் கம்பியே போட்டுடுங்க, விறைப்பு பத்து சதவீதத்துக்கு மேல குறையும், அதுக்கேத்த மாதிரி அளவு சொல்லி வாங்கணும். அந்த பேட்ச்ல மிச்சம் மாட்டியிருக்கறதையும் இன்னைக்கே கழட்டிடுங்க.