வாசகர் கேள்வி பதில்: 'கெட்'டோட மல்லுக்கட்டுற லித்துவேனியாத் தோழி

கேள்வி: லித்துவேனியால கௌனஸ் ஊர்ல மெடிக்கல் படிக்கிறேன். என் ரூம்மேட் அந்த ஊர்ப் பொண்ணு. இங்கிலீஷ் நல்லாவே பேசுவா, ஆனா 'கெட்'னு வந்தா முழிக்கிறா. டிக்‌ஷனரில முதல் அர்த்தம் 'கௌதி'னு இருக்காம், எல்லா இடத்துலயும் அதையே பொருத்திப் பாக்குறா. எப்படிச் சொல்லிக் குடுக்கலாம்?

பதில்: 'கௌதி'ன்னா கைக்கு வந்து சேர்றதும்மா. லெட்டர், சம்பளம், வேலை இதுக்கெல்லாம் கச்சிதமா பொருந்தும். 'கெட் டயர்ட்'னு வந்ததும்தான் மாட்டிக்கிறாங்க, ஏன்னா அவங்க மொழியில களைச்சுப் போறதுக்கு 'பவர்க்தி'னு தனி வினை, நோய்ல விழறதுக்கு 'சுசிர்க்தி', பழகிப் போறதுக்கு 'ப்ரிப்ராஸ்தி', இருட்டுறதுக்கு 'தெம்தி', இப்படி மாற்றத்தை வினைக்குள்ளயே அடைச்சு வெச்சிருக்காங்க. இங்கிலீஷ்காரன் வெறும் 'கெட்'டை முன்னாடி நிறுத்திட்டு மிச்சத்தைப் பின்னாடி வர்ற சொல்கிட்ட விட்டுடுறான். அதனால 'கெட்'டுக்கு அர்த்தம் தேடாதே, அதுக்கு அடுத்த சொல்லைப் பாருன்னு சொல்லுங்க. முப்பது அர்த்தத்தை வரிசையா போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்ற கைடெல்லாம் என்னைக் கேட்டா தண்டம்.

ஒரு இடத்துல மட்டும் உஷாரா இருக்கணும். 'ஆகுறது'க்கு அவங்ககிட்ட 'தப்தி' இருக்கு, பணக்காரன் ஆனான், டாக்டர் ஆனான் ரெண்டுக்கும் அதே சொல்தான். 'கெட் ரிச்' சரி, ஆனா அதே தைரியத்துல 'ஐ வான்ட் டு கெட் எ டாக்டர்'னு சொன்னா எதிர்ல இருக்கறவன் பதறிப்போய் ஆம்புலன்ஸுக்கு போன் போடுவான்! பின்னாடி பெயர்ச்சொல் வந்தா டாக்டரைக் கூட்டிட்டு வர்றதுன்னுதான் அர்த்தம், டாக்டர் ஆகணும்னா 'பிகம்'தான்.

பஸ், கார் விஷயமும் உண்டு. எதுல ஏறினாலும் அவங்களுக்கு 'ஈலிப்தி', எதுலேந்து இறங்கினாலும் 'இஷ்லிப்தி'. முன்னாடி இருக்கற 'ஈ' உள்ளே, 'இஷ்' வெளியே. இங்கிலீஷ்ல காருக்கு 'கெட் இன்', பஸ்ஸுக்கும் ட்ரெயினுக்கும் 'கெட் ஆன்'னு பிரிஞ்சு போகுது. உள்ள நிமிர்ந்து நடக்க முடியுற வண்டின்னா 'ஆன்'னு டீச்சருங்க சொல்ற குறுக்கு வழியையே சொல்லிக் குடுங்க, பெரும்பாலும் வேலை செய்யும்.

கேள்வி: சலூனுக்குப் போய்ட்டு வந்தாலும் 'ஐ கட் மை ஹேர்'னே சொல்றாளே, அது ஏன்?

பதில்: அவங்க வினையில நடுவுல 'சி'ன்னு ஒரு துண்டு நுழையும், தனக்கே பண்ணிக்கிறதைக் காட்டுறது. 'அப்சிகிர்பௌ'ன்னா முடி வெட்டிக்கிட்டேன். நம்ம '-கிட்டேன்' மாதிரியேதான், கத்திரி யார் கையில இருந்துச்சுன்னு அது சொல்லவே சொல்லாது. இங்கிலீஷ்ல அதைச் சொல்லியாகணும், அடுத்தவர் வெட்டினா 'ஐ காட் மை ஹேர் கட்'. நமக்கும் இதே தப்பு வரும், ரெண்டு பேரும் சேர்ந்தே பழகுங்க.

ஆறுதலா ஒண்ணு இருக்கு, 'ஹேவ் காட்' அவளுக்கு ஈஸி. 'துரியு'ன்னா 'என்கிட்ட இருக்கு', 'துரியு எய்தி'ன்னா 'நான் போகணும்'. 'ஐ'வ் காட் எ கார்', 'ஐ'வ் காட் டு கோ' ரெண்டுக்கும் அவங்ககிட்ட ஏற்கெனவே ஒரே வினை இருக்கறதால படார்னு பிடிச்சுப்பா.

கேள்வி: இந்த 'கெட்' எங்கேந்துதான் வந்துச்சு? – இன்னொரு வாசகர்

பதில்: வட ஐரோப்பாவுலேந்து கப்பல்ல வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்தது சார், அவங்க பேசின பழைய நார்ஸ் மொழியோட 'கெதா'. இங்கிலீஷ்ல இதோட பங்காளி முன்னாடியே இருந்துச்சு, 'ஃபர்கெட்'ல ஒட்டிக்கிட்டு இருக்கறது அதுதான்.

கேள்வி: 'கெட் மேரீட்'?

பதில்: லித்துவேனிய மொழியில பொண்ணு கல்யாணம் பண்ணா 'இஷ்தெகேதி', ஆம்பளை பண்ணா 'வெஸ்தி', சேர்த்துச் சொன்னா 'சுசிதுவோக்தி'. இங்கிலீஷ்ல அந்தப் பிரிவினை கிடையாது, யாருக்கும் 'கெட் மேரீட்'தான். 'சுசிதுவோக்தி'யோட 'கூட'ன்னு பொருள்படற 'சு' வர்றதால 'மேரீட் வித்'னு எழுதிடுவாங்க, 'மேரீட் டு'ன்னு திருத்தி விடுங்க.