பரேட் வைத்தால் கொழுந்து வாடுமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து ஏற்றுவது முதல் வாட்டுவது வரை 16 பேர் என் பொறுப்பில். படைத்தலைமை பற்றிய வகுப்புக்குப் போய் வந்த முதலாளி, தினமும் காலையில் பரேட் வைக்கச் சொல்கிறார். பயன் உண்டா?

பதில்: வரிசையில் நிற்பது இலங்கை மலையகத்துக்குப் புதிதா என்ன? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களமும், அரை நாள் சம்பளம் மட்டும் பதியும் அரைப்பேரும் பார்த்த சனம். படையிடம் கற்க வேறு விஷயம் இருக்கிறது. 1857 முதல் 1888 வரை பிரஷ்யப் படைத் தலைமைப் பணியகத்தின் தலைவராக இருந்த மோல்ட்கே, எதிரியின் பெரும்படையைச் சந்தித்த பிறகு எந்தத் திட்டமும் அப்படியே நிற்காது என்று கண்டவர். அந்த வழியில் வந்த முறைப்படி, என்ன முடியவேண்டும், எதற்காக என்பதை மேலே இருப்பவர் சொல்வார். எப்படி என்பது களத்தில் நிற்பவர் பாடு.

“6 மணி லொறியில எல்லாச் சாக்கையும் ஏத்து” என்பது வெறும் உத்தரவு. லொறி மண்சரிவில் மாட்டினால் சாக்குகள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அடுக்கியபடியே கிடக்கும். அமுங்கிய கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். பிறகு 12, 18 மணி நேரம் வாட்டினாலும் போன தரம் வராது. “கொழுந்து சூடேறாம வந்து சேரணும், லொறி 6 மணிக்கு” என்று சொல்லிப் பாருங்கள். லொறியைக் காணவில்லையென்றால் ஆளே சாக்கின் வாயை அவிழ்த்து, படங்கு விரித்துக் கொழுந்தைப் பரப்பிவிடுவார்.

“விளங்கிச்சா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் “விளங்கிச்சுங்க” என்பார்கள். “லொறி வரல்லன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

16 பேரையும் நீங்களே மேய்க்கவும் வேண்டாம். பிரித்தானியக் காலாட்படையில் 8 பேர் கொண்ட செக்‌ஷன் என்ற சிறு குழுவே நால்வர் நால்வராகப் பிரியும். நால்வருக்கு ஒரு பொறுப்பாளர் வையுங்கள். முதலாளிக்குப் பரேட் வேண்டியே தீருமென்றால் அந்த 4 பொறுப்பாளர்களை 10 நிமிடம் நிறுத்தினால் போதும்.

கேள்வி: பிழை விட்டவரை எல்லார் முன்னும் கண்டிப்பதுதான் படைமுறை என்கிறாரே?

பதில்: அமெரிக்கத் தரைப்படை பயிற்சி முடிந்ததும் நடத்தும் மீளாய்வில் 4 கேள்விதான்: என்ன நடக்க இருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வது. யார் குற்றம் என்ற கேள்வியே இல்லை. வேலை முடிந்த அன்றே 15 நிமிடம் ஒதுக்குங்கள். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். முந்திக்கொண்டால் உங்கள் பேச்சுக்கே எல்லோரும் தலையாட்டுவார்கள். அங்கே சொன்னதை வைத்துச் சம்பளத்தில் கைவைத்தீர்களோ, மறுநாளிலிருந்து லொறி எப்போதும் நேரத்துக்குத்தான் வந்திருக்கும்.