நர்ஸிங்குக்குப் போகணும்னா பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

தங்கச்சி, அம்பாசமுத்திரத்தில் பத்தாவது முடிச்சிருக்கீங்க, உயிரியல் கஷ்டம்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துட்டு அப்புறம் பி.எஸ்சி. நர்ஸிங் சேரலாமான்னு கேட்டிருக்கீங்க. முடியாது. இயற்பியல், வேதியியலோட உயிரியல் கட்டாயம். உயிரியலுக்குப் பதிலா தாவரவியல், விலங்கியல் ரெண்டும் படிச்சிருந்தாலும் சரி. அதனால இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் இருக்கிற பியூர் சயின்ஸ் குரூப்பே போதும்.

பிளஸ் டூவில் கணக்கு தேவையில்லை. ஆனா வார்டில் தினமும் கணக்குதான். 500 மி.லி. குளுக்கோஸை 4 மணி நேரத்தில் ஏத்தணும், அதை ஏத்துற குழாய் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டுன்னா, 10,000 சொட்டை 240 நிமிஷத்தால் வகுத்து நிமிஷத்துக்கு 42 சொட்டுன்னு வைக்கணும். நிமிஷக் கணக்கை மறந்தா அளவு தப்பிடும். பத்தாவது கணக்கை விட்டுடாதீங்க.

பி.எஸ்சி. 4 வருஷம், ஜி.என்.எம்.ங்கிற நர்ஸிங் டிப்ளமோ 3 வருஷம். வசதி இருந்தா பி.எஸ்சி.யே நல்லது, மேல எம்.எஸ்சி.யும் படிக்கலாம். அரசு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க் வச்சு கலந்தாய்வு.

ஒரு விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை: பஸ் ஸ்டாண்ட் பக்கம் 'ஒரே வருஷத்தில் நர்ஸ்'னு போர்டு வைக்கிற இடங்கள். அந்தச் சான்றிதழை வச்சு தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் நர்ஸாப் பதிவு பண்ண முடியாது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கவுன்சில் பட்டியலில் கல்லூரி பேர் இருக்கான்னு அப்பாவோட உட்கார்ந்து பாருங்க.