கும்பகோணத்துல 6 லட்சம் போக்கியத்துக்கு வீடு: பணம் குடுக்குறதுக்கு முன்னாடி மனை யாருதுன்னு பாருங்க

தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருக்காங்க. கணவருக்கு டிரான்ஸ்பர் ஆகி திருவாரூர்லேர்ந்து கும்பகோணம் வர்றாங்க, ஆபீஸ், பையன் ஸ்கூல் எல்லாம் டவுனுக்குள்ளயே வர்றதால சாரங்கபாணி கோயில் பக்கமா ஒரு மூணு மாடி கட்டடத்துல ரெண்டாவது மாடி வீடு பாத்திருக்காங்க. மொத்தம் ஆறு வீடு, எல்லாம் ஒரே ஓனருது, அவர் சென்னையில இருக்கார், பேசுறதெல்லாம் புரோக்கர்தான். மாசம் 12,000 வாடகை, 1 லட்சம் அட்வான்ஸ், இல்லன்னா 6 லட்சம் போக்கியம், மூணு வருஷத்துக்கு வாடகையே கிடையாதாம். "6 லட்சம் அப்படியே திரும்பி வந்துரும்ல, போக்கியம்தானே லாபம்? அக்ரிமெண்ட்லாம் தேவையில்லன்னு புரோக்கர் சொல்றார், சரியாண்ணே?" இதான் கேள்வி.

சரியில்லம்மா. அக்ரிமெண்ட் கண்டிப்பா வேணும், போக்கியத்துக்கு இப்போதைக்கு ஒத்துக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

உங்க பக்கத்துலேர்ந்து பாத்தா லாபம் மாதிரிதான் தெரியும், 6 லட்சத்தை பேங்க்ல போட்டா வர்ற வட்டி 12,000 வாடகை கிட்டயே வராது. இப்ப ஓனர் பக்கம் போய் நின்னு பாருங்க. வருஷத்துக்கு 1,44,000 வாடகையை விட்டுட்டு உங்க கிட்ட 6 லட்சம் வாங்குறார்னா, அது அவருக்கு 24 சதவீத வட்டிக்கு கடன் வாங்குற மாதிரி. டவுனுக்கு நடுவுல ஆறு வீடு வெச்சிருக்கறவருக்கு சொத்தை காட்டினா பேங்க் இதுல பாதி வட்டிக்கே குடுக்குமே, அங்க போகாம ஏன் உங்க கிட்ட வர்றார்? அவசரமா எங்கயோ கட்ட வேண்டியது இருக்கலாம், கட்டடம் ஏற்கனவே பேங்க்ல அடமானத்துல இருக்கலாம், இல்ல அந்த மனையே அவருது இல்லங்கறதால பேங்க் கடன் குடுக்காம இருக்கலாம்.

இந்த மூணாவதுதான் நம்ம ஊர்ல ரொம்ப முக்கியம். கும்பகோணம், தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் மாதிரி கோயிலைச் சுத்தி வளந்த ஊர்ல கோயில் மனை, மடத்து மனை நிறைய. கட்டடம் ஒருத்தருது, மண்ணு கோயிலோடது, மாசமோ வருஷமோ மனை வாடகை கட்டிட்டு தலைமுறை தலைமுறையா இருப்பாங்க. வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு ரெண்டுமே ஓனர் பேர்லதான் இருக்கும், புரோக்கர் அதைத்தான் எடுத்து நீட்டுவார், அதை வெச்சு மனை யாருதுன்னு சொல்லவே முடியாது. டவுன் சர்வே பதிவேட்டு நகல் கேளுங்க, அதுல நிலம் யார் பேர்ல இருக்குன்னு தெரிஞ்சுரும், கோயில் மனைன்னா சாமி பேரே இருக்கும்.

இருந்தா பயந்து ஓட வேணாம், வாடகைக்கு அந்த மாதிரி வீட்ல நல்லபடியா இருக்கற குடும்பம் எத்தனையோ இருக்கு. கடைசியா கட்டின மனை வாடகை ரசீதை மட்டும் கண்ணால பாத்துருங்க, அதுல பசலி வருஷம் (ஜூலைல தொடங்குற வருவாய்க் கணக்கு வருஷம்) போட்டிருக்கும், பசலி 1434ன்னா 2024 ஜூலைலேர்ந்து 2025 ஜூன் வரைக்கும், அப்படி கணக்கு போட்டா எத்தனை வருஷம் பாக்கின்னு புரிஞ்சுரும். பாக்கி ஏறி அறநிலையத்துறை நடவடிக்கை எடுத்தா உள்ள குடியிருக்கற நீங்கதான் முதல்ல மாட்டுவீங்க. கோயில் மனைல போக்கியம் மட்டும் வேணவே வேணாம்.

மனை ஓனர் பேர்லயே இருக்குன்னா அடுத்து வில்லங்கம், அதாவது சொத்து மேல கடன், அடமானம் ஏதாவது பதிவாகியிருக்கான்னு காட்டுற சான்று. பதிவுத்துறை வெப்சைட்ல காசில்லாம பாக்கலாம், பத்திர நம்பரோ சர்வே நம்பரோ ஓனர் கிட்ட வாங்கிக்கங்க, குடுக்க மாட்டேன்னா அங்கயே பேச்சை முடிச்சுக்கங்க. பத்திரத்தை பேங்க்ல வெச்சு கடன் வாங்கினது பதிவாகியிருந்தா அதுல வரும். அப்படி வந்து, அதை ரத்து பண்ணின பதிவு இல்லன்னா கடன் இன்னும் நிக்குது. அதை கட்டாம விட்டா 2002 சர்ஃபாசி சட்டப்படி பேங்க் கோர்ட்ல கேஸ் போடாமலே ஏலத்துக்கு போகலாம், அதுக்கப்புறம் வந்த போக்கியக்காரர் பேச்சு அங்க எடுபடுறது கஷ்டம். இதெல்லாம் தாண்டி போக்கியம்தான்னா சப்-ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல பதிவு பண்ணணும், ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகை எதுவா இருந்தாலும் பதிவு கட்டாயம், ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினா அது 6 லட்சத்துக்கு காவல் இல்ல.

என்னைக் கேட்டா மாச வாடகைக்கே போங்க. தமிழ்நாட்டு வாடகை சட்டம் 2017ல போட்டது, 2019 பிப்ரவரி 22லேர்ந்து அமல்ல இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் போட்டு ரெண்ட் அத்தாரிட்டி, அதாவது இந்த சட்டப்படி இருக்கற வாடகை அதிகாரி கிட்ட பதியணும், ஆன்லைன்லயே பண்ணலாம். அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதிக்கிட்டா தவிர. உங்களுக்கு அது 36,000 வருது, அவர் கேக்கறது 1 லட்சம், அந்த "தவிர"வுல நீங்க மாட்டிக்காம இந்த சட்டத்தை சொல்லியே பேசுங்க. காலி பண்ணி சாவி குடுத்த ஒரு மாசத்துல, பிடித்தம் போக மிச்சத்தை திருப்பித் தரணும்னும் இருக்கு. பணத்தை ஓனர் பேர்ல இருக்கற பேங்க் கணக்குக்கு அனுப்புங்க, புரோக்கர் கையில கேஷா வேணாம். கையெழுத்தும் ஓனரே போடணும், இல்ல அவர் பவர் குடுத்த ஆள் போடணும், பவர் பத்திரத்தை வாங்கி படிச்சுட்டு.

இன்னொண்ணு, 2028ல மகாமகம். அந்த சமயத்துல மகாமக குளத்தைச் சுத்தி இருக்கற வீட்டையெல்லாம் காலி பண்ண வெச்சு நாள் வாடகைக்கு விட்டா நல்ல காசுன்னு ஓனருக்கு ஆசை வரலாம், அதனால வாடகை எவ்வளவு ஏறும், எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும்னு இப்பவே எழுதிக்கங்க.

கரண்டுக்கு தனி மீட்டரான்னு பாருங்க. ரெண்டு குடும்பத்துக்கு ஒரே மீட்டர்னா இலவச யூனிட் ரெண்டு பேருக்கும் சேத்துதான், ஆளுக்கு 260 ஓடினாலே மொத்தம் 520, ரெண்டு மாசத்துக்கு 500ஐ தாண்டினா ரேட் கணக்கே மாறிடும், சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஓனர் கேக்கறதும் அதனாலதான். கூரை மூலையிலயும் பாத்ரூம் சுவர்லயும் ஓதம் ஏறின கறை இருக்கான்னு கை வெச்சுப் பாருங்க, புதுசா ஒரு சுவர் மட்டும் பெயிண்ட் அடிச்சிருந்தா ஐப்பசி மழையில அது ஊறும்.

மாடிப்படியை மட்டும் அவசரமா பாக்காதீங்கம்மா. இதே ஊர்ல காசிராமன் தெருவுல ஒரு ஸ்கூல் 2004 ஜூலை 16ல தீப்பிடிச்சு 94 பிள்ளைங்க போனாங்க, குறுகலான படி, வெளிய வர வழியில்ல. ரெண்டாவது மாடின்னா படி ரெண்டு பேர் எதிரெதிரா போற அகலம் இருக்கணும், கீழ படிக்கு அடியில கேஸ் சிலிண்டர், பைக், கடைக்காரங்க அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கக் கூடாது, ராத்திரி கீழ் கேட்டை பூட்டினா சாவி உங்க கிட்டயும் ஒண்ணு இருக்கணும். இதுல ஒண்ணு சரியில்லன்னாலும் வாடகை எவ்வளவு கம்மின்னாலும் வேற வீடு பாருங்க.

டவுன் சர்வே நகலும் வில்லங்கமும் கைக்கு வர்ற வரைக்கும் டோக்கன் அட்வான்ஸ்னு கூட எதுவும் குடுக்காதீங்க. "வேற பார்ட்டி நாளைக்கே வர்றாங்க"ன்னு புரோக்கர் சொல்லுவார், வரட்டும். நகல் வந்ததும் அதுல என்ன பேர் இருக்குன்னு எழுதுங்க, அதைப் பாத்துட்டு ஒப்பந்தத்துல என்னென்ன போடணும்னு சொல்றேன்.