துளசிக் கஷாயம் தரையைச் சுத்தம் செய்யுமா?

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டத்தில் துளசி, எலுமிச்சைப் புல், கற்பூரவல்லி, வேம்பு, நொச்சி ஆகியவை செழிப்பாக வளர்ந்திருக்கின்றன. இவற்றின் இலைகளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, பினாயிலுக்குப் பதிலாகத் தரை துடைக்கப் பயன்படுத்திப் பார்த்தேன். மணம் அரை நாள்கூட நிற்கவில்லை. மீதியைப் பாட்டிலில் வைத்திருந்தபோது நான்காம் நாள் கெட்ட வாடை வந்துவிட்டது. கூடத்தில் மொசைக் தரை, சமையலறை மேடை கடப்பா கல், தண்ணீர் போர்வெல் தண்ணீர். தவழும் குழந்தையும் ஒரு பூனையும் வீட்டில் உண்டு. இதைச் சரியாகச் செய்வது எப்படி? பினாயிலை அறவே நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஐந்து செடிகளுள் எதன் இலைக் கஷாயத்துக்கும் அழுக்கை எடுக்கும் ஆற்றல் பெரிதாகக் கிடையாது. தரையில் படிந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் தண்ணீரோடு கலந்து வெளியேற வேண்டுமானால், ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்று அந்தத் தண்ணீரில் இருக்க வேண்டும். சோப்பு செய்யும் வேலை அதுதான். துளசி, எலுமிச்சைப் புல், கற்பூரவல்லி ஆகியவற்றில் இருப்பவை மணமுள்ள எண்ணெய்கள். அவை நீரில் மிகக் குறைவாகவே கரையும். கொதிக்கும்போது நீராவியோடு சேர்ந்து போயும்விடும். உங்கள் கஷாயத்தால் தரை சுத்தமாகத் தெரிந்திருந்தால், அதில் பெரும்பங்கு வெந்நீருக்கும் நீங்கள் அழுத்தித் துடைத்ததற்கும் உரியது.

சோப்பின் வேலையைச் செய்யும் தாவரப் பொருள் நம் வீடுகளில் நெடுங்காலமாகவே புழங்கிவருகிறது. பட்டுச் சேலை அலசவும் நகைகளைப் பளிச்சென்று ஆக்கவும் இன்றும் பயன்படுகிற பூந்திக்கொட்டைதான் அது. சில ஊர்களில் இதைப் பூவந்திக்கொட்டை என்பார்கள். இதன் சதைப்பற்றுள்ள மேல்தோலில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் நிறைய இருக்கிறது. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு இதில் தனி நன்மை ஒன்று உண்டு. சாதாரண சோப்பு கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெண்ணிறப் படிவாகிவிடும். தரை துடைத்துக் காய்ந்தபின் திட்டுத் திட்டாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். சப்போனின் அவ்வாறு படிவதில்லை. மரம் வைக்கத் தோட்டத்தில் இடமில்லாவிட்டாலும், நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி வைத்தால் பல வாரங்களுக்கு வரும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. 15 முதல் 20 கொட்டைகளை எடுத்துத் தட்டி, உள்ளே இருக்கும் கறுத்த விதையை நீக்கிவிடுங்கள். விதையில் நுரை இல்லை. தோலை மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவையுங்கள். பொங்கி வழியும் இயல்பு இதற்கு உண்டு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. தோல் வெந்து மெழுகுபோல் ஒளி ஊடுருவும் பதத்துக்கு வந்து, விரல்களுக்கிடையே வழுக்கத் தொடங்கும்போது அடுப்பை அணைத்துவிடலாம்.

உங்கள் செடிகள் இந்த இடத்தில்தான் உள்ளே வர வேண்டும். ஒரு கைப்பிடி எலுமிச்சைப் புல்லைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அம்மியிலோ உரலிலோ லேசாக நசுக்கி, பத்துப் பதினைந்து துளசி இலைகளோடு, அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூடான நீரில் போட்டு இறுக மூடிவிடுங்கள். ஆறியபின் மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் திரண்டிருக்கும் துளிகளிலேயே மணம் நிற்பதைக் காண்பீர்கள். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைக்கும்போது சமையலறைக் காற்றில் கலந்து வீணாவது அந்தத் துளிகள்தான். மேலும், எண்ணெயை நீரோடு கலந்துவைக்கும் வேலையையும் சப்போனின் ஓரளவு செய்யும் என்பதால், வெறும் தண்ணீரில் இறங்குவதைவிட மணம் இதில் சற்றுக் கூடுதலாக இறங்கும். அதற்காகக் கடைப் பினாயில்போல் நாள் முழுவதும் மணக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இதைப் பிழிந்து மெல்லிய துணியில் வடிகட்டி, அரை வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர் வீதம் கலந்து துடைக்கலாம். பிசுக்கேறிய பாத்திரங்களுக்குத் தண்ணீர் கலக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள்.

கஷாயம் கெட்டுப்போனது உங்கள் செய்முறையின் குறையாகாது. இலைச்சாறு கலந்த எந்த நீரும் நுண்ணுயிர்களுக்கு உணவு. பதப்படுத்தும் பொருள் எதையும் நாம் சேர்ப்பதில்லை. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் இரண்டு நாள், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகச் செய்துவிட்டால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது சில கட்டிகளை வாளியில் போட்டுக்கொள்ளலாம். வாடை மாறிய கரைசலைத் தரையில் தேய்ப்பது அழுக்கைத் தேய்ப்பதற்குச் சமம்; கொட்டிவிடுங்கள். சப்போனின் மீன்களுக்கு நஞ்சு என்பதால் மீன் தொட்டியிலோ குளத்திலோ மட்டும் அது சேரக் கூடாது.

அடுத்து, உங்கள் வீட்டுக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எலுமிச்சைத் தோலை வினிகரில் ஊறவைத்து எல்லா இடங்களையும் துடைக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளமாக உலவுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கல்லின் வகையைக் கேட்பதே இல்லை. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. மொசைக் தரையில் இருப்பவை பளிங்குச் சில்லுகளும் சிமெண்டும். எலுமிச்சை, வினிகர், புளி ஆகிய எந்தப் புளிப்பும் இவற்றைச் சிறிது சிறிதாக அரிக்கும். மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தி, துடைக்காமல் விட்ட இடத்தில் பளபளப்பு போய் வெளிறிய வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். அது கறை அன்று, கல்லின் மேற்பரப்பே அரிபட்டிருக்கிறது, எத்தனை தேய்த்தாலும் போகாது. ஆகவே உங்கள் கூடத்துக்கும் மேடைக்கும் பூந்திக்கொட்டை நீர் மட்டுமே உகந்தது.

புளிப்புக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. போர்வெல் தண்ணீரால் குழாய்களிலும் குளியலறைப் பீங்கான் டைல்ஸிலும் படியும் வெள்ளை உப்புக் கறை, புளிப்பில் கரைவதுபோல் சோப்பில் கரையாது. நசுக்கிய எலுமிச்சைப் புல்லைச் சாதா வெள்ளை வினிகரில் போட்டு இரண்டு வாரம் மூடிவைத்து வடிகட்டினால், காரமான வினிகர் வாடை சற்று அடங்கும். அதில் நனைத்த துணியைக் குழாயின் மேல் அரை மணி நேரம் சுற்றிவைத்துப் பிறகு தேய்த்துக் கழுவுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு அதையே சம அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். பித்தளைக்கும் செம்புக்கும் பழைய புளியும் உப்பும் போதும். உடனே கழுவித் துடைக்காவிட்டால் மறுபடி கறுக்கும். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை வருவதைப் பார்த்து மகிழ்வதால் பயன் மிகக் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு உப்பு நீராகிவிடுகின்றன.

ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர் என்று சேர்த்து மூன்று மாதம் நொதிக்கவிடும் பயோ என்சைமும் புளிப்புக் கரைசல்தான். வினிகருக்குச் சொன்ன எச்சரிக்கைகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும். முதல் மாதத்தில் வாயு மிகுதியாக உண்டாவதால் கண்ணாடிப் பாட்டில் வெடித்துவிடக்கூடும்; பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்து நாள்தோறும் மூடியைத் தளர்த்துங்கள்.

வேப்பிலையும் நொச்சியும் பூச்சிகளை விரட்டப் பயன்படுபவை. அவற்றைத் துடைக்கும் நீரில் சேர்ப்பதைவிட, நிழலில் சருகாகும்வரை உலர்த்தி அரிசி, பருப்பு டப்பாக்களுக்குப் பக்கத்திலும் துணி அலமாரியிலும் வைப்பது மேல். ஈரம் இருந்தால் பூஞ்சைதான் வரும்.

இனி பினாயில். அன்றாடத் தரை துடைப்புக்கு அதைத் தாராளமாக நிறுத்தலாம். குறிப்பாகக் கறுப்புப் பினாயிலை, பூனை இருக்கும் வீட்டில் நிறுத்தியே ஆக வேண்டும். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்தபின் பாதத்தை நக்குவதன் மூலமே அவை உள்ளே போய்விடும். இந்தக் காரணத்தாலேயே யூக்கலிப்டஸ், தேயிலை மர எண்ணெய் முதலியவற்றையும் துடைக்கும் நீரில் சொட்டுவிட வேண்டாம். சூடத்தை நுணுக்கிப் போடும் வழக்கத்தையும் குழந்தை வளரும்வரை விட்டுவிடுங்கள். அது தண்ணீரில் சரியாகக் கரையாமல் துணுக்குகளாகத் தரையில் தங்கும். சிறு குழந்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடிய நஞ்சு அது.

ஆனால் கிருமி நீக்கம் என்பது வேறு வேலை. கழிவறைக்கும், வீட்டில் யாருக்கேனும் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்ட இடத்துக்கும் மூலிகைக் கஷாயம் போதாது. கற்பூரவல்லி எண்ணெய்க்குக் கிருமிகளைக் கொல்லும் திறன் இருப்பது உண்மையே. கஷாயத்தில் இறங்கும் அளவு அதற்குப் போதாது. அத்தகைய இடங்களை முதலில் சோப்பு நீரால் கழுவிவிட்டு, பிளீச்சிங் கரைசலை அதன் உறையில் குறிப்பிட்ட அளவில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது காயும்வரை குழந்தையையும் பூனையையும் அந்தப் பக்கம் விட வேண்டாம். பிளீச்சிங் போட்ட இடத்தில் வினிகர், எலுமிச்சை, பயோ என்சைம், கழிவறை ஆசிட் ஆகிய எதுவும் படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சுக்குழலை எரித்துவிடும், சிறிய குளியலறையில் அது மிகவும் ஆபத்தானது.

பூந்திக்கொட்டை நீரைப் பழரச பாட்டிலில் ஊற்றிவைக்காமல், பெயரும் செய்த தேதியும் எழுதி ஒட்டிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும். கண்ணைத் தேய்க்காமல் உடனே ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அதன் பிறகும் எரிச்சல் குறையாவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.